உயிர்த்த ஞாயிறு இரவுச் சாப்பாடு

தவக்காலம் முடியும்வரை எங்கள் வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை. உயிர்த்த ஞாயிறு அன்றுதான் பன்றி இறைச்சி அடுப்பில் ஏறும். அதை வாங்கி வருவது என் கணவரின் வேலை. எலும்போடும் கொழுப்போடும் துண்டு துண்டாக வெட்டுவித்துக்கொண்டு வருவார்.

2006 யூன் மாதம் எங்கள் பேசாலை ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது தாக்குதல் நடந்தது. அந்த வருடம் எத்தனையோ குடும்பங்கள் படகேறி இராமேஸ்வரம் போயின. நானும் இரண்டு பிள்ளைகளுடன் மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். படகையும் வலையையும் விட்டுவர மனமில்லாமல் அவர் நின்றுவிட்டார். 2007இல் வீட்டிலிருந்து வெளியே போனவர் இன்றுவரை திரும்பவில்லை.

2010இல் ஊருக்கு வந்தோம். அடுத்த வருடம் பெரிய வெள்ளி கழிந்ததும் மகன் கேட்டான், "அம்மா, இந்த முறையாவது பண்டி இறைச்சி சமைப்பீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. 'புருஷனைக் காணேல்லை, இவளுக்கு விருந்து கேக்குதோ' என்று ஊர் பேசும் என்ற பயம். கணவரைக் காணாத பெண்ணின் நிலை உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளை உடுத்தாலும் குற்றம், நிறம் உடுத்தாலும் குற்றம். பக்கத்து வீட்டு அக்காதான் நாலு தேசிக்காயைக் கையில் தந்து, "பிள்ளையளுக்குப் பெருநாள் இல்லையெண்டு ஆர் சொன்னது? எழும்பி அடுப்பை மூட்டு" என்றா.

நான் சமைத்த முறையைச் சொல்கிறேன், சகோதரிகளே. ஒரு கிலோ இறைச்சி போதும். விரல் மொத்தத்தில் ஆறேழு துண்டு வரும். உப்பு, மிளகுதூள், இடித்த உள்ளி, அரைத் தேசிக்காயின் சாறு பூசி அரை மணித்தியாலம் வையுங்கள். கூடுதலாகப் புளியில் ஊறினால் இறைச்சியின் மேற்பகுதி மாவாகிவிடும்.

தாச்சி சூடானதும் கொழுப்புப் பக்கத்தை முதலில் வையுங்கள். கொழுப்பு உருகி வரும், வேறு எண்ணெய் தேவையில்லை. இரண்டு பக்கமும் சிவந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, மெல்லிய நெருப்பில் நன்றாக வேகவிடுங்கள். அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியால் புழு நோய் வரலாம். உள்ளே சிவப்பு இருக்கக்கூடாது.

இரண்டு தோடம்பழத்தின் சாற்றில் ஒரு சிறு துண்டு பனங்கட்டி போட்டு, தேன் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். தோல் பச்சையாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், பிபிலைத் தோடம்பழம் பழுத்தாலும் பச்சையாகத்தான் இருக்கும். புளிப்புச் சாறு அலுமினியத்துக்கு ஆகாது, மண்சட்டிதான் நல்லது. இறைச்சி வெந்த பிறகே இந்தப் பாகை ஊற்றிப் பிரட்ட வேண்டும். முதலிலேயே ஊற்றினால் இனிப்புக் கருகிவிடும். இறக்கிய பின் மிச்சத் தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். நெருப்பில் கொதித்தால் கைக்கும்.

எங்கள் தீவில் முஸ்லிம் சகோதரிகளும் வாழ்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் இந்தச் சட்டி அடுப்பில் ஏறாது. அவர்களும் செய்து பார்க்க, இதே பாகு கோழி இறைச்சிக்கும் பொருந்தும்.

அன்று இரவு பாணோடு பரிமாறினேன். மகள் நாலு கோப்பை எடுத்து வைத்தாள். ஒன்றைத் திருப்பி வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் ஒரு துண்டை வைத்தேன். செபம் சொல்லிச் சாப்பிட்டோம். மகன் எலும்பைச் சூப்பிக்கொண்டே, "அப்பா கொழுப்புத் துண்டைத்தானே எடுப்பார்" என்றான். அவர் போன பிறகு அவரைப் பற்றி நாங்கள் அழாமல் பேசியது அன்றுதான்.

இப்போது மகள்தான் இதைச் சமைக்கிறாள். நான்காவது கோப்பை இன்றும் வைக்கிறோம். அவரைத் தேடுவதை நான் நிறுத்தவில்லை. கையெழுத்து வைக்கக் கூப்பிடும் இடமெல்லாம் போகிறேன். ஆனால் தேடுகிற பெண் பட்டினி கிடக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பிள்ளைகளோடு அமர்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.