புது போன் வந்தாச்சு... இந்த ஆறையும் செஞ்சாச்சா?

சங்கரன்கோவிலில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இது சகஜம். மகனுக்குச் சென்னையில் வேலை, மகளுக்குப் பெங்களூரில். ஆடித்தபசுக்கும் பொங்கலுக்கும் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்கள், ஊருக்குத் திரும்பும்போது அப்பா, அம்மா கையில் ஒரு புது ஸ்மார்ட்போனைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். ‘ஏல, எனக்கு எதுக்குல இம்புட்டுப் பெரிய போனு? பேசுறதுக்கு அந்த பட்டன் போனு போதாதா?’ என்று முதலில் அலுத்துக்கொள்கிற அப்பா, இரண்டே வாரத்தில் வாட்ஸ்அப்பில் ‘காலை வணக்கம்’ படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்.

பெரும்பாலான வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அதே போனுக்குள், ஆபத்து நேரத்தில் உயிரைக் காப்பாற்றக்கூடிய வசதிகளும் இருக்கின்றன. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒதுக்கி, பிள்ளைகளோ பேரன் பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தால் போதும். அன்றாடம் உதவுகிற ஆறு வசதிகள் இதோ...

1. பூட்டிய போனும் பேசும்!

ஷுகர் உள்ள ஒருவர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கூடிவிட்டது. பையில் போன் இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது. யாருக்குத் தகவல் சொல்வது? அவருக்கு என்ன வியாதி?

இதற்காகவே ‘மெடிக்கல் இன்ஃபர்மேஷன்’ என்றொரு பகுதி போனில் இருக்கிறது. ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் ‘சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி’ என்ற இடத்தில் தேடுங்கள். ஐபோனில் ‘ஹெல்த்’ என்ற ஆப்பில் ‘மெடிக்கல் ஐ.டி.’ என்று இருக்கும். பெயர், ரத்த வகை, வியாதிகள், சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், தகவல் சொல்ல வேண்டியவரின் நம்பர் எல்லாவற்றையும் நிரப்பி, ‘போன் பூட்டியிருந்தாலும் காட்டு’ என்ற வசதியை ஆன் செய்துவிடுங்கள். பூட்டிய திரையில் ‘எமர்ஜென்சி’ என்பதைத் தொட்டால், ரகசிய எண் இல்லாமலே இவ்வளவும் தெரியும்.

இதில் மூன்று விஷயங்களை விட்டுவிடக் கூடாது. ஒன்று, இன்சுலின் அல்லது ஷுகர் மாத்திரை. மயக்கத்துக்குக் காரணம் ஷுகர் இறங்கியதாக இருக்கலாம் என்பது டாக்டருக்கு உடனே புரியும். இரண்டு, வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள். அடிபட்டாலோ, பக்கவாதம் வந்தாலோ சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடிய தகவல் இது. மூன்று, பெனிசிலின் போன்ற மருந்து அலர்ஜி. நிரப்பிய பிறகு நீங்களே ஒரு தடவை போனைப் பூட்டித் திறந்து பார்த்து, தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. பொத்தானை அமுக்கினால் ஓடி வரும் உதவி

நம் நாட்டில் எல்லா அவசரத்துக்கும் பொது எண் 112. ஆம்புலன்ஸுக்கு 108. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் ஆரம்பமானது. இந்த நம்பர்கள் தெரியாதவர் இல்லை. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது போனைத் திறந்து நம்பர் தட்ட முடியுமா? கை நடுங்குமே!

பவர் பட்டனைப் பல தடவை வேகமாக அமுக்கினால் அவசர அழைப்பு போகும். சில போன்களில் மூன்று தடவை, பல ஆண்ட்ராய்ட் போன்களில் ஐந்து தடவை. ஐபோனில் பக்கவாட்டு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். உங்கள் போனில் எப்படி என்பதை ‘எமர்ஜென்சி எஸ்.ஓ.எஸ்.’ பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறித்து வைத்த உறவினர்களுக்கு, நீங்கள் இருக்கும் இடத்தோடு செய்தி போகும்படியும் அங்கேயே செய்துகொள்ளலாம். விளையாட்டாக அமுக்கிப் பார்க்க வேண்டாம், நிஜமாகவே அழைப்பு போய்விடும்!

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சுக் குழறுவது... இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தெரிந்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ‘கொஞ்சம் பார்ப்போம், விடிஞ்சதும் போவோம்’ என்று வீட்டில் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.

வாட்ஸ்அப்பில் ‘லைவ் லொகேஷன்’ அனுப்பும் வசதியையும் பழகிக்கொள்ளுங்கள். கால் மணி, ஒரு மணி, எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆடித்தபசுக் கூட்டத்தில் ஆச்சி வழி தவறினாலும் ரத வீதியில் எந்த மூலையில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். 108-ஐ அழைக்கும்போது மட்டும் போனை நம்பி இருக்காமல், பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம், டீக்கடை என்று ஓர் அடையாளத்தையும் வாயால் சொல்லுங்கள்.

3. மாத்திரை போட்டாச்சா?

‘காலையில போட்டேனா, போடலையா?’ பி.பி., ஷுகர், தைராய்டு என்று மூன்று வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தினமும் வருகிற சந்தேகம் இது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் ஷுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் வீட்டுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போக வேண்டுமே!

அலாரத்தை வெறும் மணியாக வைக்காமல், பெயரோடு வையுங்கள். ‘தைராய்டு, வெறும் வயிற்றில்’ என்று காலை ஆறு மணிக்கு. ‘ஷுகர் மாத்திரை, டிபனோடு’ என்று எட்டு மணிக்கு. தமிழில் டைப் செய்ய வராதவர்கள் கீபோர்டில் உள்ள மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும்.

சில மருந்துகள் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். உதாரணம், அதிக வீரியமுள்ள வைட்டமின் டி. மூட்டு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான். அதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அலாரத்தில் ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரே ஒரு கண்டிப்பு: மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அலாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு ‘அப்புறம் போடலாம்’ என்றால் அவ்வளவுதான். மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். விசைத்தறி ஓடுகிற வீடுகளில் மணிச் சத்தம் காதில் விழாது. வைப்ரேஷனையும் சேர்த்து வைத்து, போனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கேமரா என்னும் பூதக்கண்ணாடி

கேமரா கல்யாண போட்டோவுக்கு மட்டுமா? மாத்திரை அட்டையில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும் காலாவதி தேதியைப் படிக்க, கேமராவைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்குங்கள். வெளிச்சம் போதாவிட்டால் டார்ச். இனி ‘கண்ணு தெரியல, அதான் அப்படியே போட்டுட்டேன்’ என்று சொல்ல வேண்டாம்.

டாக்டர் சீட்டு, லேப் ரிப்போர்ட், ஈ.சி.ஜி., ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் படம் எடுத்து, போனில் ‘அப்பா – மருத்துவம்’ என்று தனி ஆல்பத்தில் போடுங்கள். முக்கியமாக ஈ.சி.ஜி. இன்றைக்கு எடுத்ததைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புதிதா, முன்பே இருந்ததா என்று டாக்டரால் சொல்ல முடியும். பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டால், போன் தொலைந்தாலும் தகவல் தொலையாது.

மருந்துப் பெட்டியில் உள்ள இங்கிலீஷ் குறிப்பை, கூகுள் லென்ஸ் மூலம் தமிழில் படிக்கலாம். அச்செழுத்துக்குச் சரி. டாக்டரின் கையெழுத்துக்கு அதை நம்பாதீர்கள், அது மருந்துக்கடைக்காரருக்கே சவால்!

5. எத்தனை அடி நடந்தீங்க?

போனுக்குள் அசைவை உணரும் ஒரு சின்னஞ்சிறு கருவி இருக்கிறது. நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குவதை வைத்து அது அடிகளைக் கணக்கிடுகிறது. போன் கூடவே இருந்தால்தான் கணக்கு. சமையலறை அலமாரியில் போனை வைத்துவிட்டு நாள் முழுக்க வீட்டுக்குள் நடக்கும் அம்மாவின் உழைப்பு இதில் ஏறாது. புடவையில் பாக்கெட் இல்லை என்பது போனுக்குத் தெரியாதே! ஒரு சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

‘தினமும் பத்தாயிரம் அடி நடக்கணுமாமே?’ என்று பலர் மலைக்கிறார்கள். அந்த எண் டாக்டர்கள் சொல்லி வந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்றுதான் இருந்தது. அங்கிருந்து பரவியதுதான் இது. 2019-ல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் அதிகமான வயதான பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. தினமும் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் போனபோது கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை.

ஆகவே முதல் வாரம் வழக்கம்போல் இருந்து, உங்கள் கணக்கு எவ்வளவு என்று பாருங்கள். பிறகு ஐந்நூறு, ஐந்நூறாகக் கூட்டுங்கள். கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதியும் ஒரு சுற்று வந்தால் எத்தனை அடி என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்துக்கொண்டால், பிறகு எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சு வாங்குவதோ இருந்தால், எண்ணிக்கையை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

6. வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கலாம்

மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’ மூலம் வீடியோவில் டாக்டரிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். வீட்டிலிருந்தே பேசும் வசதி 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது வந்தது. போன் நம்பரைப் பதிவு செய்து முறை வரும்வரை காத்திருந்தால், மருந்துச் சீட்டும் போனிலேயே வரும். தோல் அரிப்பு, சளி, பழைய ரிப்போர்ட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்பது போன்றவற்றுக்கு நல்லது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, விபத்து, பாம்புக்கடி... இதற்கெல்லாம் வீடியோ உதவாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

மனது சரியில்லையா? ‘டெலி-மானஸ்’ 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் ஆரம்பமான இலவச சேவை இது. தமிழிலேயே பேசலாம்.

இதை மட்டும் நம்பாதீங்க!

‘கேமரா மேல் விரலை வையுங்கள், பி.பி. சொல்கிறேன்’ என்று சில ஆப்கள் அழைக்கும். வேண்டவே வேண்டாம்! அமெரிக்காவில் பலர் காசு கொடுத்து வாங்கிய அப்படியொரு ஆப்பை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். நிஜமாகவே பி.பி. அதிகமாக இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு ‘அதிகம் இல்லை’ என்று அது சொல்லியிருந்தது! நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகும்? பி.பி. பார்க்கக் கையில் பட்டை கட்டும் கருவி, ஷுகர் பார்க்க ஒரு சொட்டு ரத்தம். இதில் குறுக்கு வழி கிடையாது.

சில எச்சரிக்கைகள்

* பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் போனைச் சட்டைப் பாக்கெட்டில் வைக்கக் கூடாது. சில புது போன்களில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

* திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடும், கண் வறண்டு எரியும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 நொடி பாருங்கள். எழுத்தையும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

* தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க இயர்போனில் வால்யூமைக் கூட்டாதீர்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

* ராத்திரி திரை மஞ்சளாக மாறுவதால் மட்டும் தூக்கம் வந்துவிடாது. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே போனைத் தள்ளி வையுங்கள். ஆனால் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இருட்டில் எழுந்தால் முதலில் டார்ச்!

* ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஆறையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால், முதல் இரண்டை மட்டுமாவது இன்றைக்கே முடித்துவிடுங்கள். மாத்திரை அலாரத்தை நாளைக்கு வைக்கலாம், நடையை அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம். ஆபத்து மட்டும் நாள் பார்த்து வருவதில்லை.