கார்னர்பேக்கை எடைபோடுவது எப்படி? 2022 டிராஃப்ட் காட்டும் விடைகள்

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பு அணியின் இரு ஓரங்களிலும் நிற்பவர் கார்னர்பேக். எதிரணியின் குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிக்க ஓடிவரும் ரிசீவரைத் தடுப்பது அவர் வேலை. எந்தப் பாதையில் ஓடப்போகிறோம், எங்கே திரும்பப்போகிறோம் என்பது ரிசீவருக்கு முன்கூட்டியே தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. ரிசீவர் முன்னோக்கி ஓடுகிறார். கார்னர்பேக் பல நேரம் பின்னோக்கி ஓடிக்கொண்டே அவருடைய இடுப்பைக் கவனித்து, திரும்பும் திசையை ஊகித்து, தானும் உடனே திரும்ப வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும், பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளிகள் எடுக்கும் டச்டவுன் எதிரணிக்குக் கிடைத்துவிடும். அவருக்குப் பின்னால் பெரும்பாலும் வேறு காவல் இருக்காது.

தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.-இன் 32 அணிகளும் ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். 1936-இல் தொடங்கிய முறை இது. ஐ.பி.எல். ஏலத்தைப் போல அதிக விலை கேட்டு ஒரு வீரரைத் தூக்கிவிட முடியாது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில். இப்படி ஏழு சுற்றுகள். பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆனவரே இதற்குத் தகுதி பெறுவார். தேர்வு எண்ணைப் பொறுத்தே புதுவீரரின் சம்பளம் அமைவதால், முதல் சுற்றில் ஒரு தவறான தேர்வு செய்தால் பணத்தோடு அந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய நல்ல வீரரும் போய்விடுகிறார்.

கார்னர்பேக்குகளை மதிப்பிடும் கலையைப் புரிந்துகொள்ள 2022 டிராஃப்ட் நல்ல எடுத்துக்காட்டு. லாஸ் வேகஸில் நடந்த அந்தத் தேர்வில் மொத்தம் 262 வீரர்கள் எடுக்கப்பட்டார்கள். மூன்றாவது இடத்தில் டெரெக் ஸ்டிங்லி ஜூனியர், நான்காவது இடத்தில் 'சாஸ்' கார்ட்னர், 21-ஆவது இடத்தில் ட்ரென்ட் மெக்டஃபி, 23-ஆவது இடத்தில் கையிர் எலம் என முதல் சுற்றிலேயே நான்கு கார்னர்பேக்குகள் போனார்கள். ஐந்தாம் சுற்றிலும் அதற்குப் பிறகும் எடுக்கப்பட்ட சிலரும் பின்னர் பெயர் பெற்றார்கள். அணிகள் எதைச் சரியாகக் கண்டன, எதைத் தவறவிட்டன என்பதை இந்த ஒரு வரிசையிலேயே பார்க்கலாம்.

முதலில் ஒளிப்பதிவு

மதிப்பீடு தொடங்குவது கல்லூரி ஆட்டங்களின் ஒளிப்பதிவில். தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் தொடர்ந்து போவதால், ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக் பாதி நேரம் சட்டகத்துக்கு வெளியே இருப்பார். அதனால் அணிகளுக்காக வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்டுகள், மைதானத்தின் 22 வீரர்களும் ஒரே சமயத்தில் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கப்பட்ட பதிவையே பார்க்கிறார்கள். பந்து வேறு பக்கம் போன ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்பதும் அதில் பதிவாகியிருக்கும்.

அவர்கள் முதலில் கவனிப்பது பாதங்களை. ரிசீவரின் முகத்துக்கு நேரே நின்று, அவர் கிளம்பும்போதே கையால் தடுத்துப் பாதையைக் குலைப்பதற்குப் பிரஸ் என்று பெயர். இதில் நல்ல கார்னர்பேக் பொறுமையாக நிற்பார். ரிசீவரின் முதல் பாசாங்கு அசைவுக்கு ஏமாந்து பாய மாட்டார். தள்ளி நின்று ஆடும்போது பின்னோட்டம் சீராக இருக்கிறதா, தலை மேலும் கீழும் ஆடாமல் உடல் தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அடுத்தது இடுப்பு. பின்னோக்கி ஓடுபவர் முன்னோக்கி ஓட மாறும் நொடியில் இடுப்பு தடையின்றிச் சுழல வேண்டும். நேர்கோட்டில் மின்னலாக ஓடும் பலர் இந்தத் திருப்பத்தில் ஒரு தப்படி கூடுதலாக வைத்துப் பின்தங்கிவிடுகிறார்கள். 'இடுப்பு இறுக்கம்' என்று குறிப்பில் எழுதப்பட்டால், அந்த வீரரை சேஃப்டி என்ற பின்காவல் இடத்துக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழும்.

மூன்றாவது, பந்து காற்றில் இருக்கும்போது நடந்துகொள்ளும் விதம். ரிசீவரோடு ஒட்டி ஓடியும் பந்தைத் திரும்பிப் பார்க்கத் தெரியாதவர் கடைசி நொடியில் பதறி எதிராளியைப் பிடித்து இழுத்துத் தண்டனை வாங்கித் தருவார். நான்காவது, பந்தோடு ஓடிவருபவரை மடக்கி வீழ்த்தும் துணிவு. இன்று பல அணிகள் ஓரத்துக்குக் குறுகிய பந்துகளை எறிந்துவிட்டு ரிசீவரை ஓடவிடுவதால், மோதலைத் தவிர்க்கும் கார்னர்பேக்கை எதிரணி தேடிப் பிடித்துத் தாக்கும்.

எண்கள் மறைப்பவை

எதிரணி எறிந்த பந்தை இடையில் பிடிப்பது இன்டர்செப்ஷன். ரசிகர்களுக்குப் பிடித்த கணக்கு அதுதான். ஸ்கவுட்டுகள் அதை அவ்வளவு நம்புவதில்லை. சிறந்த கார்னர்பேக்கின் பக்கம் குவார்ட்டர்பேக் பந்தையே எறிய மாட்டார். எறியாவிட்டால் பிடிக்க வழியில்லை. தட்டுத்தடுமாறி வந்த பந்து கையில் விழுவதும் ஓரளவு அதிர்ஷ்டமே.

ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் கில்பர்ட் 2013 பருவத்தில் 7 பந்துகளை இடைமறித்துப் பிடித்தார். வேகத்துக்கும் குறைவில்லை, 40 கஜத்தை 4.37 விநாடியில் ஓடினார். 2014-இல் கிளீவ்லண்ட் அவரை எட்டாவது இடத்தில் எடுத்தது. என்.எஃப்.எல்.-இல் அவர் மொத்தமாகப் பிடித்தது ஒரே ஒரு இன்டர்செப்ஷன்.

அதனால் வேறு கணக்குகள் பார்க்கப்படுகின்றன: அவர் காத்த ரிசீவரை நோக்கி எத்தனை பந்துகள் வந்தன, எத்தனை பிடிக்கப்பட்டன, எத்தனையை அவர் தட்டிவிட்டார், எத்தனை தண்டனைகள். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கார்ட்னர் ஆடிய மூன்று பருவங்களிலும் அவர் காவலில் ஒரு டச்டவுன்கூட விழவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி எழுந்தது. சின்சினாட்டி அப்போது மிகப் பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளில் சேராத அணியாக இருந்தது. வலுவில்லாத எதிரிகளோடு ஆடிக் கிடைத்த பெயரா இது என்று கேட்டார்கள். எதிராளியின் தரத்தைக் கணக்கில் எடுக்காமல் எந்த எண்ணையும் படிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. 2021 பருவத்தின் இறுதிக் கட்டத்தில் அலபாமாவுக்கு எதிராக அவர் ஆடிய அரையிறுதியை ஸ்கவுட்டுகள் நுணுக்கமாகப் பார்த்ததற்கு அதுவே காரணம்.

விதிகள் மாறும் இடம்

கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் ஒரே ஆட்டம்போலத் தெரிந்தாலும் கார்னர்பேக்குக்கு விதிகள் வேறு. ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 கஜத்துக்கு அப்பால் ரிசீவரைத் தடுத்துத் தள்ளக் கூடாது என்பது என்.எஃப்.எல். விதி. 1978-இல் வந்த இந்தக் கட்டுப்பாட்டை, ரிசீவர்களை முரட்டுத்தனமாக மடக்கிய பிட்ஸ்பர்க் வீரர் மெல் பிளௌன்ட்டின் பெயராலேயே ரசிகர்கள் அழைத்தார்கள். கல்லூரியில் பந்து எறியப்படும்வரை இந்த விஷயத்தில் கூடுதல் சலுகை உண்டு.

தண்டனையும் வேறு. பந்தைப் பிடிக்கவிடாமல் சட்டவிரோதமாகத் தடுத்தால், கல்லூரியில் அதிகபட்சம் 15 கஜம் இழப்பு. என்.எஃப்.எல்.-இலோ தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். 40 கஜம் தள்ளி நடந்திருந்தால் 40 கஜமும் போயிற்று. ஆகவே கையை அதிகம் நம்பி ஆடும் கல்லூரி வீரரைப் பார்க்கும்போது, அந்தக் கையை எடுத்துவிட்டால் பாதத்தாலும் இடுப்பாலும் மட்டும் ரிசீவரோடு ஒட்டி ஓட முடியுமா என்று மதிப்பீட்டாளர் கேட்க வேண்டியிருக்கிறது.

இண்டியானாபொலிஸ் அளவீடு

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற தேர்வு முகாம் கூடும். 1987 முதல் அது அங்கேதான் நடக்கிறது. உயரம், எடை, கை நீளம் அளக்கப்படும். ஓட்டமும் தாவலும் சோதிக்கப்படும். எல்லோரும் ஆவலோடு பார்ப்பது 40 கஜ ஓட்டம் (சுமார் 36.6 மீட்டர்). வேகம் முக்கியம், மெதுவான கார்னர்பேக் ஒரு தவறைத் திருத்திக்கொள்ள வழியில்லை. ஆனால் வேகம் ஒரு நுழைவுச்சீட்டு மட்டுமே.

2022 கம்பைனில் இது பளிச்சென்று தெரிந்தது. பேய்லர் பல்கலைக்கழகத்தின் கேலன் பார்ன்ஸ் 4.23 விநாடியில் ஓடினார். இருந்தும் அவரை ஏழாம் சுற்றில், 242-ஆவது இடத்தில்தான் கரோலினா எடுத்தது. பருவம் தொடங்குமுன்பே விடுவித்தும் விட்டது. அதற்கு அடுத்த 243-ஆவது இடத்தில் கன்சாஸ் சிட்டி எடுத்த ஜெய்லன் வாட்சன், தன் இரண்டாவது ஆட்டத்திலேயே ஒரு பந்தை இடைமறித்து 99 கஜம் ஓடி டச்டவுன் போட்டார். அந்தப் பருவ முடிவில் அவர் அணி லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது.

கை நீளமும் இதேபோலத்தான். நீண்ட கை கொண்டவர் ரிசீவரை எட்டித் தடுக்கலாம், பந்தைத் தட்டலாம். கார்ட்னரின் கை நீளம் 33.5 அங்குலம். மெக்டஃபியின் கையோ 30 அங்குலம்கூட இல்லை. உயரமும் ஆறடிக்குக் குறைவு. அளவுகோலை மட்டும் நம்பியவர்களுக்கு அவர் சந்தேகத்துக்குரிய வீரர். பாதம், ஊகம், மோதும் துணிவு மூன்றையும் பதிவில் பார்த்த கன்சாஸ் சிட்டி, வேறொரு அணியோடு பேரம் பேசி 21-ஆவது இடத்துக்கு முன்னேறி அவரை எடுத்தது. 2023-இல் அவர் லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-புரோவில் முதல் அணியில் இடம்பெற்றார்.

எந்த அணிக்கு எந்த வீரர்

கார்னர்பேக் நல்லவரா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எந்த அணிக்கு நல்லவர் என்று கேட்க வேண்டும். சில அணிகள் ஆளுக்கு ஆள் காவலை நம்புகின்றன. ஒரு ரிசீவரை ஒருவரே கடைசிவரை தொடர வேண்டும். வேறு சில அணிகள் மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் காக்கின்றன. அங்கே குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்து, தன் பகுதிக்குள் வருபவரைக் கைமாற்றிக்கொள்ளும் நிதானம் தேவை.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் எலம் பெரும்பாலும் பிரஸ் முறையில் ஆளுக்கு ஆள் காத்தவர். அவரை முதல் சுற்றில் எடுத்த பஃபலோ அணியின் தற்காப்போ பகுதிக் காவலை அதிகம் நம்பியது. அதே டிராஃப்டின் ஆறாம் சுற்றில், 185-ஆவது இடத்தில், சிறிய போட்டிப் பிரிவில் ஆடும் வில்லனோவா பல்கலைக்கழகத்திலிருந்து கிறிஸ்டியன் பென்ஃபோர்டையும் பஃபலோ எடுத்தது. நிலையான இடத்தைப் பிடித்தவர் பென்ஃபோர்ட். 2025-இல் அவருக்குப் புதிய நீண்டகால ஒப்பந்தம் கிடைத்தது. அதே ஆண்டு எலமை அணி டல்லஸுக்கு அனுப்பிவிட்டது.

பொருத்தத்தின் நல்ல பக்கத்தைக் காட்டியது சியாட்டில். பயிற்சியாளர் பீட் கரோலின் காலத்தில் அந்த அணி உயரமான, கை நீண்ட கார்னர்பேக்குகளையே தேடியது. 2011-இல் ஐந்தாம் சுற்றின் 154-ஆவது இடத்தில் எடுத்த ரிச்சர்ட் ஷெர்மன் 2013-இல் லீக்கிலேயே அதிகமாக 8 பந்துகளைப் பிடித்தார். 2022-இல் 153-ஆவது இடத்தில் எடுத்த தாரிக் வூலன் ஆறடி நான்கங்குல உயரம், 4.26 விநாடி வேகம் கொண்டவர். முதல் பருவத்திலேயே 6 பந்துகளைப் பிடித்து லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். கல்லூரியில் இருவருமே ரிசீவராகத் தொடங்கிப் பின்னர் கார்னர்பேக்காக மாறியவர்கள். கச்சாத் திறமையைப் பட்டைதீட்டும் பொறுமை எல்லா அணிகளிடமும் இருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு கீழே கிடைத்தார்கள்.

மருத்துவமும் நேர்காணலும்

கம்பைனில் கேமராவுக்கு எட்டாத முக்கியப் பகுதி மருத்துவப் பரிசோதனை. ஸ்டிங்லி 2019-இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக (எல்.எஸ்.யு.) அணியில் முதலாண்டு மாணவராக 6 பந்துகளைப் பிடித்து, தேசியக் கோப்பை வென்றவர். அடுத்த இரண்டு பருவங்களிலும் சேர்த்து அவர் ஆடியது 10 ஆட்டங்களே. கடைசியில் பாதக் காயம். ஒரு வருட ஒளிப்பதிவை நம்பி மூன்றாவது இடத்தைச் செலவிடலாமா என்பது கடினமான கேள்வி. ஹூஸ்டன் துணிந்தது, 2024-இல் அவர் ஆல்-புரோ முதல் அணியில் இடம்பெற்றார். நேர்மாறாக, 2020-இல் அதே மூன்றாவது இடத்தில் டெட்ராய்ட் எடுத்த ஜெஃப் ஒகுடாவுக்கு 2021-இன் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநார் அறுந்தது. 2023-இல் அணி அவரை அட்லாண்டாவுக்கு மாற்றிவிட்டது. இதை எந்த ஸ்கவுட்டாலும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது.

நேர்காணலில் பயிற்சியாளர்கள், வீரர் ஒரு டச்டவுன் விட்டுக்கொடுத்த ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டு, என்ன தவறு என்று அவரையே விளக்கச் சொல்வதுண்டு. அவர் சொல்லும் பதிலில் ஆட்ட அறிவு தெரியும். தோல்வியை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதும் தெரியும். கார்னர்பேக் இடம் எவ்வளவு சிறந்தவரும் அடி வாங்கும் இடம். அடுத்த ஆட்டத்துக்குள் அதை மறக்கத் தெரிய வேண்டும். டிராஃப்டுக்கு முன் அலபாமாவின் மொபைல் நகரில் கல்லூரி வீரர்களுக்காக நடக்கும் சீனியர் பௌல் போட்டியின் பயிற்சிகளில் கார்னர்பேக்கும் ரிசீவரும் ஒருவருக்கொருவர் நேரே மோதும்போது இந்தக் குணம் கண்முன் தெரியும். சிறிய கூட்டமைப்பில் ஆடும் டொலிடோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குவின்யன் மிச்சல் 2024-இல் அங்கே பெரிய கல்லூரி ரிசீவர்களைத் தடுத்துக் காட்டினார். ஃபிலடெல்ஃபியா அவரை 22-ஆவது இடத்தில் எடுத்தது. முதல் பருவத்திலேயே சூப்பர் பௌல் வென்ற அணியில் இருந்தார்.

கணக்கு முடிவு

2022-இன் முதல் இரண்டு கார்னர்பேக்குகளும் எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுத்தார்கள். கார்ட்னர் அந்த ஆண்டின் சிறந்த புதிய தற்காப்பு வீரர் விருதும் பெற்றார். எனவே மதிப்பீடு வெறும் சீட்டாட்டம் அல்ல. அதே சமயம், 167-ஆவது இடத்தில் டல்லஸ் எடுத்த டரான் பிளாண்ட் 2023-இல் இடைமறித்த பந்துகளில் ஐந்தை டச்டவுனாக்கி, ஒரே பருவத்துக்கான லீக் சாதனையைப் படைத்தார். 166 தேர்வுகளில் எல்லா அணிகளும் அவரைத் தாண்டிப் போயின என்பதையும் மறக்கக் கூடாது.

ஒளிப்பதிவே முதல் சான்று. ஓட்ட நேரமும் கை நீளமும் அதைச் சரிபார்க்கும் கருவிகள். மருத்துவ அறிக்கை எவ்வளவு துணியலாம் என்பதற்கு எல்லை வகுக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி அளவுகோலிலிருந்து தொடங்கும் அணிகள் அடிக்கடி ஏமாறுகின்றன. தன் தற்காப்பு முறைக்கு என்ன தேவை என்பதை முதலில் தெளிவாக வகுத்துக்கொண்ட அணிக்கோ ஐந்தாம், ஆறாம் சுற்றிலும் நல்ல கார்னர்பேக் கிடைக்கிறார்.