ஓடோமீட்டர் சொல்லாத கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பழைய ஜீப் ஒன்று விலைக்கு வந்தால் அதற்குக் கிடைக்கும் முதல் நற்சான்று, "மூணு லட்சம் ஓடியிருக்கு, இன்ஜின்ல இன்னும் கை வைக்கல" என்பதுதான். நம்பர் பிளேட்டில் டிஎன் 32 இருந்தாலும் டிஎன் 16 இருந்தாலும் பேச்சு மாறாது. 1947-இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய மகிந்திரா முதல், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, இப்போதைய தார், கூர்க்கா வரை இந்த வண்டிகளின் பெயர் நிலைத்திருப்பது இத்தகைய உரிமையாளர் பேச்சால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று லட்சம் கிலோமீட்டர் எதற்குச் சாட்சி என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜினுக்குச் சாட்சி, கியர் பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் சாட்சி. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் நாலு சக்கர இயக்கத்துக்கு அது பெரும்பாலும் சாட்சியே ஆகாது. சமவெளி மாவட்டத்தில் அந்தப் பகுதியை உழைப்பு கெடுப்பதில்லை. சும்மா கிடப்பதும் தண்ணீரும்தான் கெடுக்கின்றன. இவை இரண்டையும் ஓடோமீட்டர் எண்ணுவதில்லை.

சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் யூ-டர்ன் எடுக்கும் தாரை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர். பின் அச்சின் மையம் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் அச்சின் மையம் ஏறக்குறைய 5.57 மீட்டர் ஆரத்தில் சுற்றியாக வேண்டும். அரை வட்டத்தில் பின் அச்சு 15.7 மீட்டர் கடக்க, முன் அச்சு 17.5 மீட்டர் கடக்கிறது. நாலு சக்கர இயக்கத்தில் போட்டுவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு அச்சுகளையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். அந்த 1.8 மீட்டர் வித்தியாசத்துக்கு எங்கேயும் இடமில்லை. சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், அதன் மூட்டான கிராஸ், கியர் பற்கள் மீது ஏறும். அதனால்தான் விவரம் தெரிந்த ஓட்டுநர் தார்ச் சாலையில் அந்த லீவரைத் தொடவே மாட்டார். அவர் செய்வது சரிதான். விளைவு என்னவென்றால், மூன்று லட்சத்தில் முன் அச்சு இழுத்து ஓடிய தூரம் சொற்பமாகிவிடுகிறது. பழைய ஜீப்புகள் பலவற்றில் டீசல் மிச்சம் என்று முன் ஷாஃப்டையே கழற்றிப் போட்டிருப்பார்கள். நாலு சக்கர இயக்கம் எப்போதோ செத்துப்போன வண்டிகூட, 'இன்னும் ஓடுது' என்ற கணக்கில் நல்ல வண்டியாகவே எண்ணப்படுகிறது. போதாக்குறைக்கு, நம் ஊரில் ஜீப் என்று பெயர் வாங்கிய பொலேரோக்களில் பெரும்பாலானவை பின் சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவை. அவற்றின் புகழும் சேர்த்தே இந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

சும்மா இருந்தால் இரும்பு எப்படித் தேயும் என்ற கேள்வி நியாயமானது. ஆயில் சீல் என்பது ரப்பர் உதடு. சுழலும் தண்டு அதன்மீது எண்ணெய்ப் படலத்தைப் பரப்பிக்கொண்டே இருந்தால்தான் அது மிருதுவாக இருக்கும். வருடக்கணக்கில் நனையாத உதடு இறுகி, வெடித்து, கசியும். லீவரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இணைக்கும் கம்பிகள் அசையாமல் துருப்பிடித்து இறுகும். இதைவிட நுட்பமானது பேரிங்கில் நடப்பது. சுழலும் பேரிங்கில் உருளைகளுக்கும் பாதைக்கும் நடுவே எண்ணெய் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். சுழலாமல், வண்டியின் அதிர்வை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் பேரிங்கில், உருளை தொடும் இடத்திலிருந்து கிரீஸ் பிதுங்கி விலகிவிடும். உலோகம் உலோகத்தோடு நுண்ணிய அளவில் உரசி, உருளைகள் நின்ற இடத்தில் வரிசையாகப் பள்ளம் விழும். அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகள் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே இப்படிப் பழுதாகி வந்திறங்கியபோதுதான் பொறியாளர்கள் இதைக் கவனித்தார்கள். முன் ஹப்பைப் பிரித்து வைக்கும் வசதியுள்ள வண்டிகளில், நின்றுபோன முன் ஷாஃப்டின் கிராஸுக்கும் இதே ஆபத்து உண்டு. டொயோட்டா தன் ஃபோர்ரன்னர் போன்ற வண்டிகளின் கையேட்டில், முன் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேர மாதம் 16 கிலோமீட்டராவது நாலு சக்கர இயக்கத்தில் ஓட்டச் சொல்லியிருப்பது இதனால்தான்.

இனி தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூரில் வெள்ளம் சூழ்ந்து தேசிய நெடுஞ்சாலையே நின்றது. இப்படிப்பட்ட நாளுக்காகத்தானே இந்த வண்டி என்று தோன்றும். ஆனால் ஓடிச் சூடேறிய அச்சுக்கூடு வெள்ளத்தில் இறங்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். கூட்டுக்குள் எண்ணெய்க்கு மேலே அடைபட்ட காற்று இருக்கிறது. அது 80 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சட்டெனக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறையும். ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்கு இது சமம். அதை ஈடுகட்டக் காற்று வரவேண்டிய வழி, அச்சின் மேலுள்ள பிரீதர் என்ற மூச்சுக்குழல். அது சேற்றில் அடைத்திருந்தாலோ, குழாய் கழன்று நீருக்குள் கிடந்தாலோ, அச்சு காற்றுக்குப் பதில் வெள்ளத்தை உறிஞ்சும். ஆயில் சீலின் உதடு உள்ளிருக்கும் எண்ணெயைத் தடுக்கவே வடிவமைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் நீரைத் தடுப்பதில் அது அவ்வளவு கெட்டி இல்லை. உள்ளே போன நீர் கியர் ஆயிலோடு கடைந்து பால் விட்ட காபி நிறத்துக்கு மாறும். வண்டி அன்று ஓடும், மறு மாதமும் ஓடும். 1977-இல் டிம்கன் நிறுவனத்தின் கேன்ட்லி வெளியிட்ட கணக்குப்படி, எண்ணெயில் நீர் 0.01 சதவீதத்திலிருந்து 0.04 சதவீதமானாலே பேரிங்கின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். காபி நிறம் வந்த எண்ணெயில் நீர் அதைவிடப் பல மடங்கு இருக்கும். மரக்காணம் உப்பளப் பக்கம் ஓடும் வண்டி என்றால் நீரோடு உப்பும் சேரும். அதை விளக்க வேண்டியதில்லை.

தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறதே என்பார்கள். பிரீதர் குழாயும் சீலும் புதிதாக இருக்கும் வண்டிக்கான அளவு அது. எட்டு வருடம் வெயிலில் காய்ந்த ரப்பருக்கு அந்த உறுதிமொழி பொருந்தாது. டொயோட்டா ஏன் கெடுவதில்லை என்பது இன்னும் வலுவான எதிர்க்கேள்வி. பிராண்டுக்குப் பிராண்டு தரத்தில் வித்தியாசம் உண்டு. அதை மறுப்பது வீண் வம்பு. ஆனால் லேண்ட் குரூசரின் பெயரை உலகெங்கும் பரப்பியவற்றில் ஐ.நா. அமைப்புகள் போன்ற பெரும் வண்டித் தொகுதிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. அங்கே சேறும் மணலும் அன்றாடப் பாதை. எண்ணெய் மாற்றம் நாள் குறித்து நடப்பது. அந்தப் பெயரை நம்பி வாங்கி, திண்டிவனத்துக்கும் சென்னைக்கும் நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்த அனுபவம் அப்படியே கைமாறாது. தானாகவே இயங்கும் ஆல் வீல் டிரைவ் இதற்கு மருந்தில்லையா? பாதி மருந்துதான். ஒரகடத்தில் தயாராகி 2014-இல் வந்த டஸ்டர் ஆல் வீல் டிரைவ் போன்றவற்றில் மின்னணு இணைப்பு தேவையானபோது தானே பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் மறந்தாலும் பாகம் தூங்காது. பின் அச்சின் மூச்சுத் தொல்லை அதற்கும் உண்டு.

அப்படியானால் பாகங்கள் கூடினால் பழுதும் கூடும், நாலு சக்கர இயக்கமே வேண்டாம் என்பவர்கள் பக்கம் கணிதம் ஓரளவு இருக்கிறது. ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக வேலை செய்யும் பத்துப் பாகங்களைத் தொடராகக் கோத்தால், மொத்தமும் சரியாக வேலை செய்யும் வாய்ப்பு 90 சதவீதமாகிவிடும். 2023-இல் மகிந்திராவே பின் சக்கர இயக்கம் மட்டும் உள்ள தாரை விற்கத் தொடங்கியது. தோற்றத்துக்காக வாங்குகிறவருக்கு அது போதும் என்பதே என் கருத்து. ஆனால் மழைக்குப் பின் கரும்புக் காட்டுப் பாதையிலும் செஞ்சி மலையடிவாரத்திலும் போகவேண்டியவருக்கு அந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. வாரத்துக்கு ஒருமுறை சேற்றில் இழுக்கும் முன் அச்சுக்குத் தூங்க நேரமில்லை. அங்கே சீல் நனைந்தே இருக்கும், கோளாறு வந்தாலும் ஆரம்பத்திலேயே கண்ணில் படும்.

ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் கிலோமீட்டரைக் கேட்பதோடு நிற்காதீர்கள். ஃபெஞ்சலின்போது வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். இரவு முழுவதும் அசையாமல் நின்ற வண்டியில், காலையில் முன் அச்சின் டிரெய்ன் பிளக்கை மெக்கானிக்கைக் கொண்டு மெதுவாகத் தளர்த்தச் சொல்லுங்கள். நீர் எண்ணெயைவிடக் கனமானது. கலக்காமல் உள்ளே கிடந்தால் முதல் சொட்டாக அதுதான் வரும். பிளக்கின் காந்தத்தில் மாவு போன்ற இரும்புத்தூள் இருந்தால் பயமில்லை, சில்லு இருந்தால் விலையைப் பேசாமல் திரும்பிவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஈர மண்பாதையில் கொஞ்ச தூரம் லீவரைப் போட்டு ஓட்டுங்கள். வெள்ளத்தில் இறங்கி வந்திருந்தால் சர்வீஸ் தேதி வரட்டும் என்று இருக்காமல் இரண்டு அச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் ஆயிலை அந்த வாரமே பாருங்கள். ஐப்பசி பிறக்கும் முன் பிரீதர் குழாயை ஒருமுறை ஊதிப் பார்த்துவிடுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.