ஷஅபான் பதினைந்தாம் இரவு: பெயரும் தீர்ப்பும்

ஹிஜ்ரி ஆண்டின் எட்டாம் மாதம் ஷஅபான். அதனை அடுத்து வருவது ரமலான். ஷஅபானில் நோற்கும் விருப்ப நோன்பு பற்றியும், அதன் 15ஆம் இரவில் புரியும் வணக்கம் பற்றியும் இசுலாமிய அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி கலைச்சொற்களிலேயே பொதிந்துள்ளது. ஆதலின், மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமலே ஒரு தரப்பைச் சார்ந்துவிடக் கூடும்.

ரமலான் நீங்கலாக, நபிகள் நாயகம் ஷஅபானில் நோற்ற அளவு வேறெம்மாதத்திலும் நோற்றதில்லை என ஆயிஷா அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. ஷஅபான் பாதி கழிந்தபின் நோற்க வேண்டா என்னும் அபூஹுரைராவின் அறிவிப்பு அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இடம்பெறுகிறது. திர்மிதி இதனை ஏற்றார். அகமது இப்னு ஹன்பல் ஏற்கவில்லை. ஷாஃபிஈ மரபினர் இதனை ஏற்று, முற்பாதியிலிருந்து தொடர்ந்து நோற்போரையும் வழக்கமாக நோற்போரையும் தவிர ஏனையோர்க்குப் பிற்பாதி நோன்பைத் தடுப்பர். பிற மரபினருள் பெரும்பாலோர் அனுமதிப்பர். ஷாஃபிஈ மரபினுள்ளும் இத்தடை 'ஹராம்' (விலக்கப்பட்டது) என்போரும் 'மக்ரூஹ்' (வெறுக்கப்பட்டது) என்போரும் உளர். இரண்டையும் 'கூடாது' என ஒரே சொல்லால் பெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

இரவின் பெயர் இன்னும் நுட்பமானது. நபிமொழித் தொகுப்புகளில் இது 'லைலத்துன் நிஸ்ஃபி மின் ஷஅபான்', அதாவது ஷஅபான் பாதியின் இரவு, எனப்படும். இது நாளை மட்டும் சுட்டுகிறது. இந்தியாவில் வழங்கும் 'ஷபே பராத்' என்பதில் 'ஷப்' பாரசீகம். இரவு என்பது பொருள். 'பராஅத்' அரபு, விடுபடுதல் என்பது பொருள். தமிழ் முசுலிம்களின் 'பராஅத் இரவு' இதனோடு ஒப்பது. அவ்விரவில் பாவ விடுதலை கிட்டும் என்னும் நம்பிக்கை இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

அந்நம்பிக்கையை ஒட்டிய வணக்கமே விவாதப் பொருள். முற்காலச் சிரியா நாட்டு அறிஞர் சிலர் இவ்விரவைச் சிறப்பித்தனர் என்றும், ஹிஜாஸ் அறிஞர் பலர் மறுத்தனர் என்றும் இப்னு ரஜப் (இறப்பு 1393) குறிக்கிறார். இவ்விரவுக்கென வழங்கிய நூறு ரக்அத் தொழுகையை நவவி (இறப்பு 1277) கண்டித்தார். இப்னு தைமிய்யா (இறப்பு 1328) தனித்துத் தொழுவதை ஏற்று, பள்ளிவாசலில் திரண்டு குறித்த தொழுகை நிகழ்த்துவதைப் 'பித்அத்' என்றார். இச்சொல்லைப் 'புதுமை' எனப் பெயர்ப்பின், இக்காலத் தமிழில் அது பாராட்டாக ஒலிக்கும், கண்டனம் கெடும். 'மார்க்கத்தில் புகுத்தப்பட்ட புதுவழக்கம்' என விரித்தல் தகும்.

மூலம் 'நிஸ்ஃப்' எனுமிடத்து 'ஷஅபான் 15ஆம் இரவு' என்பதே பொருந்தும். 'பாதி இரவு' எனின் நள்ளிரவு எனப் பொருள் மயங்கும்; 'பராஅத் இரவு' எனின் மறுப்பாளரின் வாயிலும் ஏற்பாளரின் சொல்லை வைத்ததாகும். மூலம் 'பராஅத்' எனுமிடத்து அச்சொல்லையே ஆளவேண்டும். அதனை நீக்கின், அவ்விரவைப் போற்றுவோரின் நம்பிக்கை பெயர்ப்பில் இல்லாதொழியும்.