பந்தும் 'என்னால் முடியும்' என்ற எண்ணமும்

ஐந்து வயதுச் சிறுவனிடம், "உனக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓ!" என்பான், பத்தில் எட்டைக் கோட்டை விட்டாலும் கவலைப்படமாட்டான். ஏறத்தாழ எட்டு வயதில்தான் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு எடை போடத் தொடங்குகிறான். 'எனக்கு வராது' என்று ஒதுங்கிவிட்டால் பயிற்சி குறையும். திறமை மேலும் பின்தங்கும்.

ஆஸ்திரேலியாவில் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து, சில ஆண்டுகள் கழித்து அவர்களையே மீண்டும் சோதித்தார்கள் லிசா பார்னெட் குழுவினர். சிறு வயதில் எறிதல், பிடித்தல், உதைத்தல் நன்கு வந்தவர்கள், பின்னாளில் கூடுதல் உடல்தகுதியோடு இருந்தனர். இடையில் பாலமாக நின்றது 'என்னால் முடியும்' என்ற எண்ணம் என்பதே 2008-இல் வெளியான முடிவு.

பந்து பிடிப்பது பிறவி வரமன்று. பந்து படும்போது கைகளைச் சற்றுப் பின்னுக்கு இழுங்கள். அது நிற்க எடுக்கும் நேரம் கூடும், விசை குறையும், பந்து தெறித்து ஓடாது. முதலில் ரப்பர் பந்தில் பழகுங்கள். கிரிக்கெட் பந்து பிறகு.