காசநோயாளியின் குருதியில் குறையும் புரதம்

காசநோய் இருக்கின்றதா என்பதைச் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்கதிர்ப் படமும் சொல்லிவிடும். நோயாளி பிழைப்பாரா என்ற கேள்விக்கு அவை முழுமையான விடை தருவதில்லை. அவ்விடையின் ஒரு பகுதி குருதியிலுள்ள அல்புமின் என்ற புரதத்தில் அடங்கியிருக்கின்றது.

ஈரலில் உற்பத்தியாகும் இப்புரதம் ஆரோக்கியமானவரின் குருதியில் தெசிலீற்றருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரை காணப்படும். நீர் குருதிநாளங்களைவிட்டு வெளியேறாமல் தடுப்பது அதன் முக்கிய பணி. காசநோய் முற்றும்போது பசி அற்றுப்போக, புரதத்துக்கான மூலப்பொருள் குறைகின்றது. அதேவேளை உடலில் அழற்சி மூண்டதும் ஈரல் அல்புமின் உற்பத்தியைக் குறைத்து, வேறு புரதங்களைப் பெருக்குகின்றது. ஆகவே அல்புமின் குறைவைக் கண்டதும் சாப்பாடு போதாது என்று மட்டும் முடிவுகட்டுவது சரியன்று. நோயின் உக்கிரத்தையும் அது காட்டுகின்றது. இன்னொரு பொறியும் உண்டு. குளோபுலின் வகைப் புரதங்கள் கூடுவதால் மொத்தப் புரத அளவு வழமைபோலத் தோன்றக்கூடும். அல்புமினைத் தனியே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சிகிச்சையின் தொடக்கத்தில் அல்புமின் மிகவும் தாழ்ந்திருப்போரிடையே மரணம் அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அம்மரணங்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கின்றன. மாத்திரை இலவசமாகக் கையில் கிடைத்த பின்னர் நிகழும் இறப்புகள் இவை என்பதே வேதனை.

மூதூரிலோ குச்சவெளியிலோ இருந்து திருகோணமலை நகருக்குப் பரிசோதனைக்கு வரும் கடற்றொழிலாளிக்கு அது ஒரு நாள் உழைப்பின் இழப்பு. ஆய்வுகூட அறிக்கைக்காகக் காத்திருக்கத்தான் வேண்டுமா? தமிழகம் 2022இல் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டம் வேறு வழியைக் காட்டியது. கடும் மெலிவு, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க இயலாமை ஆகிய மூன்றையும் பார்த்தே ஆபத்திலுள்ளவர் இனங்காணப்பட்டு, வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றார். தராசும் மூச்சை எண்ணும் கடிகாரமும் எந்தக் கிராமத்து மருந்தகத்திலும் இருக்கக்கூடியவை. அல்புமின் பரிசோதனை, வசதியுள்ள இடத்தில் அதற்குத் துணைநிற்கட்டும்.

உணவைப் பற்றி ஒரு பழைய சர்ச்சையும் உண்டு. சத்துணவு தரும் சனற்றோரியத்தில் தங்கியவர்களைப் போலவே, குறைந்த உணவுடன் வீட்டிலிருந்து மருந்து உண்டவர்களும் குணமடைந்தனர் என்று சென்னையில் நடைபெற்ற ஆய்வொன்று 1959இல் நிறுவியது. கிருமியைக் கொல்வது மருந்தே என்பதில் இன்றும் ஐயமில்லை. எனினும் ஜார்க்கண்டில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வில், முதல் இரு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களின் மரண அபாயம் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்திருந்தது. உணவுப்பொதி பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் தொற்றியதும் 39 சதவீதம் குறைவு.

அல்புமின் தாழ்ந்தவரின் பாதம் வீங்கும். அதனை உடம்பு தேறுவதாக எண்ணி மகிழும் குடும்பங்கள் உண்டு. காசநோயாளியின் இரு கால்களும் வீங்கினாலோ, எழுந்து நிற்கத் தடுமாறினாலோ, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.