முதலிடமும் முத்தும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த நாளில் அதற்கு முன்னோடியாக ஒரு சோதனை நடைபெறுவது வழக்கம். கடலடியில் சிப்பிகள் தங்கி வளரும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். சோதனைக்குச் செல்வோர் ஒவ்வொரு பாரிலும் குளிகாரர்களை இறக்கிச் சிப்பிகளை எடுப்பித்து, திறந்து, கிடைத்த முத்துகளை நிறுத்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு என்று கணக்கிடுவர். எந்தப் பாரில் முதலில் குளிப்பது, எதனை மறு ஆண்டுக்கு விடுவது என்னும் வரிசை அக்கணக்கிலிருந்தே பிறக்கும். தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே இறுதியானது. அதனை நான் கண்டதில்லை. கண்ட பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அவர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "சோதனையில் முதலாவதாக வந்த பார்தான் குளிப்பிலும் முதலாவதாக வரும் என்று எண்ணிவிடாதே." இடையில் மணல் மூடலாம், திருக்கை மீன் கூட்டம் வந்து சிப்பியைத் தின்றுவிடலாம். சோதனை கூறுவது வாய்ப்பு. முடிவைக் கூறுவது கடல்.

மாணவ நண்பர்களே! இந்தப் பழைய பாடத்தை நீங்கள் நாள்தோறும் பேசும் கிரிக்கெட் ஆட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஐ.பி.எல். போட்டியில் அணிகள் பல வாரம் ஆடி, புள்ளிப்பட்டியலில் முதல் நான்கு இடம் பெறுவோர் மட்டும் இறுதிக் கட்டத்துக்குச் செல்கின்றனர். அன்று தேநீர்க் கடை முதல் கல்லூரி விடுதி வரை எழுவது ஒரே வினா: "கோப்பை யாருக்கு?" பெரும்பாலோர் பட்டியலைப் பார்த்து, "முதலிடம் பெற்றவருக்கே" என்கின்றனர். இது சரியா?

முதலில் ஆட்டத்தின் அமைப்பை அறிவோம். 2011 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. முதல் இரண்டு இடத்தார் தம்முள் மோதுவர். வென்றவர் நேரே இறுதிப் போட்டிக்குச் செல்வர். தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடத்தார் தம்முள் மோதுவர். தோற்றவர் வீடு திரும்ப, வென்றவர் முன்னர்த் தோற்ற அணியோடு மோதி, அதிலும் வென்றால் இறுதிப் போட்டியை அடைவர்.

நான்கு அணிகளும் சம வலிமை உடையன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவதைப் போன்றது. வெற்றிக்குப் பாதி, தோல்விக்குப் பாதி. முதலிடத்து அணி இரண்டு ஆட்டத்தையும் நேரே வெல்லும் வாய்ப்பு, பாதியில் பாதி, அதாவது 4-இல் 1. முதலில் தோற்று, பின் இரண்டையும் வெல்லும் வாய்ப்பு 8-இல் 1. இரண்டையும் கூட்டினால் 8-இல் 3. இரண்டாம் இடத்தாருக்கும் இதுவே. மூன்றாம், நான்காம் இடத்தார் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வெல்ல வேண்டும். அவர்களுக்குத் தலைக்கு 8-இல் 1. நான்கையும் கூட்டினால் 8-இல் 8, கணக்கு நேராகிவிட்டது. ஆகவே, வலிமையில் வேறுபாடே இல்லாதபோதும் முதல் இருவருக்கு மற்றவரைவிட மும்மடங்கு வாய்ப்பை இந்த அமைப்பே அளித்துவிடுகிறது.

இனி வரலாற்றைப் புரட்டுவோம். 2011 முதல் 2025 முடிய 15 ஆண்டுகள். இவற்றுள் முதலிடத்து அணி கோப்பையை வென்றவை 2017, 2019, 2020, 2022, 2024 ஆகிய ஐந்து ஆண்டுகளே. இரண்டாம் இடத்து அணி ஒன்பது முறை வென்றது. சென்னை அணி 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வென்றதும் இரண்டாம் இடத்திலிருந்துதான். 2016-இல் ஐதராபாத் அணி மூன்றாம் இடத்திலிருந்து வென்றது. நான்காம் இடத்திலிருந்து எவரும் வெல்லவில்லை. அதற்கு முந்தைய அரையிறுதி முறையில், 2009-இல், டெல்லி முதலிடம் பெற்றும் அரையிறுதியில் வீழ்ந்தது. நான்காம் இடத்து டெக்கான் அணி கோப்பையைக் கொண்டுபோயிற்று.

இங்கே ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, அப்படியானால் முதலிடத்தைவிட இரண்டாம் இடமே சிறந்ததன்றோ?" என்று கேட்கலாம். நல்ல வினா, ஆயினும் அவசர முடிவு. முதல் இருவரும் சேர்ந்து வென்றவை 14. ஒரு நாணயத்தை 14 முறை சுண்டிப் பாருங்கள். ஏழுக்கு ஏழு என்றே விழும் என்பதில்லை. ஒன்பதுக்கு ஐந்து, அல்லது அதனினும் மிகுந்த ஏற்றத்தாழ்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 42 தடவை வரும். ஆகவே அந்த ஒன்பதைக் கொண்டு இரண்டாம் இடத்துக்கு ஏதோ மாயம் உண்டென்று கொள்ளுதல், கைப்பிடிச் சிப்பியைத் திறந்து ஒரு பார் முழுவதையும் மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

உண்மையாகவே வலிமை மிகுந்த அணியாயின்? எந்த அணியோடு ஆடினும் நூற்றுக்கு 60 ஆட்டங்களை வெல்லக்கூடிய ஓர் அணி முதலிடத்தில் நிற்கிறது என்க. மேற்சொன்ன முறையிலேயே பெருக்கிக் கூட்டினால் அதன் வாய்ப்பு நூற்றுக்கு 50-க்குச் சற்றே மேல். தெளிவாகச் சிறந்த அணியும் இரண்டில் ஒரு முறை கோப்பையை இழக்கும்! அதே அணி மூன்றாம் இடத்தில் நின்றால் வாய்ப்பு 22-க்குள் சுருங்கிவிடும்.

அமெரிக்கர் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே ஓர் அணி இக்காலத்தில் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதன்பின் தேர்ந்த சில அணிகளுக்கு மட்டும் இறுதிக் கட்டம். 1906-இல் சிகாகோ கப்ஸ் அணி பருவத்தில் 116 வெற்றி பெற்றும் இறுதித் தொடரில் தன் ஊரின் மற்றோர் அணியாகிய ஒயிட் சாக்ஸிடம் தோற்றது. 2001-இல் சியாட்டில் அணியும் 116 வெற்றி பெற்று, இறுதித் தொடரை எட்டாமலே வெளியேறியது. இத்தனைக்கும் அங்கே இறுதித் தொடர் ஏழு ஆட்டம் கொண்டது; நான்கை முதலில் வென்றவருக்கே வெற்றி. நூற்றுக்கு 60 வெல்லும் அணி அத்தகைய தொடரை வெல்லும் வாய்ப்பு 71. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக்கூடத் திறமை வெளிப்படும். குறையக்குறைய அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும். ஒரே ஓர் ஆட்டத்தில் ஒரு நழுவிய பிடியே விதியாகிவிடும்.

அப்படியானால் வரிசைப்படுத்துதல் வீண் வேலையா? அன்று. எதைக் கொண்டு வரிசைப்படுத்துகிறோம் என்பதே பொருள். வெற்றிகளை மட்டும் எண்ணாமல், எவ்வளவு வித்தியாசத்தில் வென்றனர், தோற்றனர் என்று பார்க்க வேண்டும்; நிகர ஓட்ட வீதம் என்பது அதற்கான அளவுகோல். யாரை வென்றனர், முதன்மை வீரர்கள் காயமின்றி உள்ளனரா, இறுதிக் கட்ட ஆடுகளம் யாருக்கு ஏற்றது என்பவற்றையும் சேர்க்க வேண்டும். பின்னர், "இவ்வணியே வெல்லும்" என்னாது, "இவ்வணிக்கு நூற்றுக்கு 40" என்று சொல்லப் பழக வேண்டும். நாற்பது சொன்ன அணி தோற்றால் சொன்னவர் பிழை செய்தவர் ஆகார். நாற்பதை நூறாகக் கேட்டவரே பிழை செய்தவர்.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய தூத்துக்குடி அணி 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதற் கோப்பையை வென்றபோது இங்கே எழுந்த ஆரவாரம் நினைவில் உள்ளது. மறு ஆண்டும் அதே சேப்பாக்கம் அணியோடு இறுதிப் போட்டி. "சென்ற ஆண்டு வென்றவர்கள்தாமே!" என்றோம். கோப்பை சேப்பாக்கத்துக்குச் சென்றது.

இவ்வளவும் கூறிய நான், என் வாழ்வில் இழைத்த பிழை ஒன்றையும் கூறியாக வேண்டும். தலைமையாசிரியனாக இருந்தபோது, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பு மாணவரை மூன்று பிரிவாக எழுதி வைப்பேன்: தேறுவர், தேறக்கூடும், தேறார். மூன்றாம் பிரிவினருக்குக் கூடுதல் பாடம் சொல்லித்தரவே அப்பட்டியல். ஒரு நாள் வள்ளத்தொழிலாளி ஒருவர் வந்து, "ஐயா, எம் பையன் தேறுவானா?" என்று கேட்டார். பட்டியலைப் பார்த்தேன், அவன் பெயர் கடைசியில் இருந்தது. "தேற மாட்டான்" என்றேன். மறு திங்கட்கிழமை பையன் பள்ளிக்கு வரவில்லை. தந்தையோடு கடலுக்குப் போய்விட்டான். நான் சென்று அழைத்தும் திரும்பவில்லை. அவ்வாண்டு அந்த மூன்றாம் பிரிவில் எஞ்சித் தேர்வெழுதிய அறுவருள் மூவர் தேறினர்.

அவன் எழுதியிருந்தால் தேறியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. என் பட்டியலுக்கும் அது தெரியாது. தெரிந்ததைப் போல் நான் பேசியதே குற்றம். "வாய்ப்புக் குறைவு, ஆயினும் உண்டு" என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறு ஆண்டு முதல் அந்தப் பட்டியலில் 'தேறார்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, 'கூடுதல் பாடம் வேண்டுவோர்' என்று எழுதலானேன்.

மாணவர்களே! வரிசை போடுங்கள், கணக்குப் போடுங்கள், அது அறிவுக்கு நல்ல பயிற்சி. ஆனால் அக்கணக்கை நம்பிப் பணயம் வைக்காதீர்கள். அக்கணக்கைக் கேட்டுத் துவண்டும் போகாதீர்கள். நான்காம் இடத்தில் நிற்பவனுக்கும் எட்டில் ஒன்று உண்டு. அந்த ஒன்றும், களத்தில் இறங்கி ஆடுபவனுக்கே உண்டு.